ஆபீசுக்கென்று எடுத்து வைத்த சிப்பி

மாதத்துக்கு ஒரு தடவை, தண்ணீர் வற்றும் நாளாகப் பார்த்து, நீலநிற ஐஸ்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் முகத்துவாரத்துப் படியில் இறங்குவாள். முழங்கால் அளவு சேற்றில் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருக்கும் பெண்களில் யாராவது ஒருத்தி நிமிர்ந்து, "ஐஸ்பெட்டி அக்கா வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பாள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அரசாங்க முத்திரை போட்ட பெட்டிக்குக் கிடைத்த மரியாதை அது. பெட்டியின் மூடி ஒரு பக்கம் உடைந்து ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

அக்காவின் வேலையைச் சொல்வது எளிது. ஆற்றின் மேல்பக்கத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகைகள் இருக்கின்றன. அங்கிருந்து ஈயம் தண்ணீரோடு வந்து முகத்துவாரத்துச் சேற்றில் படியும் என்று என்றோ ஒரு புத்திசாலி யோசித்து, அங்கே பிடிபடும் மீனையும் சிப்பியையும் மாதாமாதம் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு போட வைத்தார். கொட்டகைகளை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அது பெரிய இடத்து விஷயம். ஆகவே அக்கா போய் இரண்டு கிலோ மீன், இரண்டு கிலோ சிப்பி வாங்கி, பையில் போட்டுச் சீட்டு ஒட்டி, ஐஸில் புதைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவருவாள். அங்கே சதையை அரைத்து, அமிலத்தில் கரைத்து, இயந்திரத்தில் கொடுத்தால் ஓர் எண் வரும். கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குக் கீழே ஈயம் இருந்தால் சிப்பியைச் சாப்பிடலாம். பதினாலு வருஷத்தில் சிப்பிக்கு அரை மில்லிகிராமைத் தாண்டி எண் வந்ததே இல்லை.

இந்த வேலைக்கு அவள் சேர்ந்தது தற்காலிகமாக. அப்பா போய், தம்பி பள்ளிக்கூடத்தில் இருக்க, பன்னிரண்டாவது முடித்த கையோடு கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தற்காலிகம் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தம்பி வளர்ந்து, கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய், கல்யாணமும் பண்ணி, ஒரு பெண்ணுக்கு அப்பாவும் ஆகிவிட்டான். அக்காவுக்கு மட்டும் எதுவும் கூடிவரவில்லை. கேட்டால், "எனக்கும் மீனுக்கும்தான் பொருத்தம்" என்று சிரிப்பாள். கேட்டவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள்.

வேலையில் அவள் நெருப்பு. பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துவிட்டுப் பேருந்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பாள். ஒரு தடவை வழியில் பேருந்து பழுதாகி ஐஸ் கரைந்தபோது, அத்தனையையும் கொட்டிவிட்டு மறுநாள் திரும்பப் போனாள். பக்கத்துச் சீட்டில் உட்கார்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முறைத்தால், "மனுஷங்க வயித்துக்குள்ள போறதுக்கு முன்னாடி நான் பாக்கறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பாள். தெருவில் யார் மீன் வாங்கினாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் சட்டியில் போடுவார்கள். "சிப்பியா? கண்ணை மூடிட்டுச் சாப்பிடுங்க. என் கையில எழுதினது" என்று சொல்லும்போது அவள் குரல் ஓர் அங்குலம் உயரும். இதையெல்லாம் கிண்டலுக்குச் சொல்லவில்லை. மனசாட்சியோடு வேலை செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மனசாட்சி பார்க்காத இடம் என்று ஒன்றும் உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மாதிரியோடு ஒரு படிவம் போகும். தேதி, இடம், எடை, வெப்பநிலை. ஐந்தாவது வரியில் இரண்டு கட்டங்கள். ஒன்று, 'சேற்றிலிருந்து எடுத்த நிலையிலேயே'. மற்றொன்று, 'கழுவியோ நீரில் வைத்திருந்தோ'. அக்கா முதல் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திடுவாள். பேனா தானாகவே அங்கே போகும். செருப்பு மாட்ட எந்தக் காலை முதலில் தூக்குகிறோம் என்று நாம் யோசிக்கிறோமா?

இனி வீடு. இரண்டு அறை, பின்பக்கம் ஒரு குழாய். தம்பி, தம்பி பெண்டாட்டி, ஐந்து வயதுக் குட்டி, அக்கா. குட்டி சாப்பாட்டு விஷயத்தில் சரியான படுத்தல். இரண்டு வயதில் முதன்முதலாகச் சிப்பியைக் கண்டபோது, அது தன்னைத் திரும்பிப் பார்ப்பதாகச் சொல்லி வாயை இறுக மூடிக்கொண்டாள். அக்கா அவளை மடியில் உட்கார்த்தி, சிப்பியைக் கண்ணருகே வைத்து ஏதோ எண்ணுவதுபோல் பாவனை செய்து, "அத்தை டெஸ்ட் பண்ணியாச்சு! பாஸ்!" என்று அறிவித்தாள். குட்டி வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. இட்ட சோறானாலும், குடிக்கிற தண்ணீரானாலும், மாத்திரையானாலும், "அத்தை, டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று கேட்காமல் அந்த வாய் திறக்காது. அத்தை வேலைக்குப் போன நாளில் அம்மா படும் பாடு சொல்லி மாளாது. "அண்ணி, போகும்போது நைட்டுக்கும் சேர்த்து டெஸ்ட் பண்ணிட்டுப் போங்க" என்று தம்பி பெண்டாட்டி தலையில் அடித்துக்கொள்வாள். சந்தையில் வாரத்துக்கு மூன்று நாள் சிப்பி வாங்கினார்கள். மலிவு, சத்து, போதாக்குறைக்கு வீட்டிலேயே ஒரு சான்றிதழ்.

குட்டிக்கு முதலில் வந்தது வயிற்று வலி. பள்ளிக்கூடம் போகச் சோம்பல் என்று நினைத்தார்கள். பிறகு முகம் வெளுத்தது. நேற்றுச் சொன்ன எழுத்தை இன்று மறந்தாள். கீழே விழுந்து எழுந்தவள் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள்போல் நின்றாள். மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல ஈயம் இருக்கு. பெரியவங்களைவிடக் குழந்தைங்க உடம்புல அது சீக்கிரம் ஏறும். அஞ்சைத் தாண்டினாலே நாங்க கவலைப்படுவோம். இவளுக்கு முப்பத்தெட்டு" என்றார்.

வந்திருந்த வீட்டாரில் ஈயம் என்ற சொல்லின் எடை அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

"எங்கிருந்தோ உள்ள போயிட்டிருக்கு. அது எதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தினாத்தான் நான் மருந்து குடுத்துப் பிரயோஜனம். என்ன சாப்பிடுறா? மீன், சிப்பி?"

"அதுல இருக்காது டாக்டர்" என்றாள் அக்கா, கேள்வி முடியும் முன்பே. "அதைச் சோதிக்கறது என் வேலை. பதினாலு வருஷ ரிப்போர்ட் இருக்கு. வேணும்னா நாளைக்கே கொண்டுவந்து காட்டறேன்."

டாக்டரம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. ஆய்வகத்து ஆளே சொல்லும்போது வேறென்ன வேண்டும்? அடுத்த கேள்விக்குப் போனார். "வீட்ல யாராவது பெயிண்ட், பேட்டரி, வெல்டிங் வேலை பார்க்கறாங்களா?"

சுவரோரம் நின்றிருந்த தம்பி தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. அக்கா அதை ஒரு விசாரணைபோல் நடத்தினாள். தம்பியின் வேலைச் சட்டைகளைத் தனிப் பையில் கட்டி வெளியே வைத்தாள். வாசலிலிருந்து நேராகப் பின்பக்கக் குழாய்க்குப் போய், மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் அவன் உள்ளே வரலாம். பழைய கட்டடங்களில் சுவர் சுரண்டும் வேலை அவனுடையது. பழைய பெயிண்டில் ஈயம் உண்டு என்று அவளே படித்துச் சொன்னாள். தம்பி பெண்டாட்டி முதலில் அழுதாள். பிறகு புருஷனோடு பேசுவதைக் குறைத்தாள். ஒரு நாள் குட்டி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டபோது, "தொடாதே!" என்று கத்தியே விட்டாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. அப்பாவும் மகளும் இரண்டு பேருமே நடுங்கிவிட்டார்கள்.

மறுவாரம் தம்பி பெயிண்ட் வேலையை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். பதினேழு வயதில் பிரஷ்ஷைப் பிடித்தவன். மரத்தில் எந்த ரேகை ஓடுகிறதோ அதையே பெயிண்டில் வரைந்து காட்டக்கூடிய கை. அந்தக் கையால் பிறகு அவன் மகளைத் தொடவில்லை. வேலையை விட்ட பிறகும் தொடவில்லை. தன் தோலுக்குள்ளேயே அது இருக்கிறது என்று அவனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது கதவருகே தனியாக உட்கார்ந்தான். குட்டி கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

அக்கா என்ன செய்தாள்? ரத்தம் குறைவாக இருக்கிறது, சத்தாகக் கொடுங்கள் என்று டாக்டரம்மா முதல் தடவையே சொல்லியிருந்தார். வாரம் மூன்று நாள் சிப்பியைத் தினசரி ஆக்கினாள். தானே வாங்கி, தானே அவித்து, தானே ஊட்டினாள். "பாஸ்!" என்று சொல்லித்தான் ஊட்டினாள்.

ஐந்து மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். முடிவு வாங்க அக்கா தனியாகப் போனாள். நாற்பத்தொன்று. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவர் வேலையை விட்டும் குறையலையே. இது அவரால வந்ததில்லைம்மா. வேற ஏதோ இருக்கு. இதுக்கு மேல ஏறினா மூளைக்கு இன்னும் ஆபத்து, சொல்லிட்டேன்" என்றார். அக்கா வெளியே வந்து மருத்துவமனைப் படியில் உட்கார்ந்தாள். அன்று மாதிரி எடுக்கும் நாள். ஐஸ்பெட்டி பக்கத்தில் இருந்தது. கால் பழக்கத்தில் பேருந்தில் ஏறி, பழக்கத்திலேயே முகத்துவாரத்தில் இறங்கினாள். ரத்த முடிவைப் பற்றிய கவலையில் ஒரு பழக்கம் மட்டும் அந்த மாதம் தவறியிருந்தது. அவள் போன் பண்ணவில்லை.

எப்போதும் இரண்டு நாள் முன்னால் போன் பண்ணிவிடுவாள். ஆய்வகத்தின் பொறுப்பாளர்தான் அதை ஆரம்பித்து வைத்தார். எந்த எண்ணையும் நான்கு தசமம் வரை சொல்லாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு அங்கே தசமம் சார் என்று பெயர். "அவ்வளவு தூரம் போய் வெறுங்கையோட திரும்பாதீங்க, சொல்லி வச்சுட்டுப் போங்க" என்றார். நியாயமான யோசனைதானே? முகத்துவாரத்தில் சொல்லி வைத்த ஆள் பெரியகூடை. மற்றவர்கள் சுமக்கும் கூடையைப்போல் ஒன்றரை மடங்கு கூடை சுமப்பவள்; வாயும் அதே அளவு.

அவளுடைய கொட்டகை வாசலில் அக்கா போய் நின்றதும் பெரியகூடைக்குக் கை கால் ஓடவில்லை. "என்னக்கா, போனே பண்ணாம வந்து நிக்கறீங்க? இன்னிக்கு உங்களுக்கு ஒண்ணும் எடுத்து வைக்கலையே!"

"அதனால என்ன? இதோ கூடை நிறைய இருக்கே. இதுலயே ரெண்டு கிலோ போடுங்க."

"ஐயையோ, அது சந்தைக்குப் போறதுக்கா! அதையெல்லாம் உங்களுக்குத் தருவேனா? ரெண்டு நாள் கழிச்சு வாங்க, ரெடி பண்ணி வைக்கறேன்."

"ரெடி பண்றதுன்னா?"

பெரியகூடை பெருமையோடு கொட்டகையின் மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே வெள்ளை வெளேரென்று தேய்த்துக் கழுவிய ஒரு பிளாஸ்டிக் தொட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வேறு எதற்கும் அதை எடுப்பதில்லையாம். போன் வந்ததும் மகனைப் படகில் அனுப்பி வெளிக்கடல் தண்ணீர் இரண்டு குடம் கொண்டுவரச் சொல்வாளாம். நல்ல பெரிய சிப்பியாகப் பொறுக்கித் தொட்டியில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினால், இரண்டு நாளில் அது வயிற்றில் இருக்கும் சேற்றையெல்லாம் கக்கிவிடும்.

"முதல்முதல்ல இடம் பாக்க வந்தப்ப உங்ககூட கண்ணாடி போட்ட சார் ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கா? ஒரு சிப்பியை உடைச்சுப் பார்த்தார். கறுப்புத் தண்ணி அவர் சட்டையில தெறிச்சிடுச்சு. மூஞ்சியைச் சுளிச்சார் பாருங்க, எனக்கு உயிரே போயிடுச்சு. ஆபீசுக்குப் போற பொருளை இப்படியா குடுப்போம்னு வெக்கமா இருந்துச்சு. அன்னிலேருந்து ஒரு மாசம்கூட உங்களுக்கு நான் சேத்தோட குடுத்ததில்லக்கா. நீங்களே சொல்லுங்க, என்னிக்காவது ஒரு பொட்டு அழுக்கு இருந்திருக்கா?"

இருந்ததில்லை. பளிச்சென்றுதான் இருக்கும். ஒவ்வொரு மாதமும் பையில் போடும்போது அக்காவே, "உங்க சிப்பி மாதிரி வராதும்மா" என்று பாராட்டியிருக்கிறாள்.

"சந்தைக்குப் போறதை இப்படி வைக்க மாட்டீங்களா?"

"அதுக்கு ஏதுக்கா நேரம்? சேத்துலேருந்து கூடை, கூடையிலேருந்து சந்தை. மாவு மாதிரி சேறு, பல்லுல கூடப் படாது. ஜனங்க அப்படியே அவிச்சுச் சாப்பிடறாங்க. நாங்களும் அப்படித்தான்."

அக்கா குனிந்து சந்தைக் கூடையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தாள். பெட்டியிலிருந்த கத்தியால் பிளந்தாள். கறுப்பு நீர் விரலிடுக்கில் ஒழுகியது. சிப்பி தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் பிராணி. ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து எது வந்தாலும் முதலில் அதன் வயிற்றுக்குள்தான் போகும். அவள் பதினாலு வருஷமாகச் சோதித்தது அந்த வயிறு காலியான பிறகு மிஞ்சிய சதையை. தெருவே சாப்பிட்டது வயிற்றோடு. தன் மடியில் உட்கார்ந்த வாய்க்குள் தினமும் எது போனது என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. கத்தியை மடக்கத் தெரியாமல் மடக்கி விரலை வெட்டிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போன் பண்ணி, "சிப்பியைத் தொடாதீங்க. அடுப்புல இருந்தாலும் கொட்டிடுங்க. ஏன்னு வந்து சொல்றேன்" என்றாள். ஆனால் வந்து சொல்லவில்லை. "ஒரு சந்தேகம், முடிவு வரட்டும்" என்று மழுப்பினாள். எண் கையில் வராமல் பேசக்கூடாது என்பது ஆய்வகத்து ஒழுக்கம். அந்த ஒழுக்கத்துக்குப் பின்னால் அவள் நான்கு நாள் ஒளிந்துகொண்டாள் என்பதுதான் உண்மை. கதவருகே உட்கார்ந்து சாப்பிடும் தம்பியைக் கடந்து போகும்போது சுவரைப் பார்த்தபடி போனாள்.

கூடைச் சிப்பி ஒரு பை. இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வந்த தொட்டிச் சிப்பி ஒரு பை. இரண்டையும் ஒரே நாளில் இயந்திரத்தில் கொடுத்தார்கள். தொட்டிச் சிப்பியில் 0.46. கூடைச் சிப்பியில் 6.8.

"திரும்பப் போடுங்க" என்றார் தசமம் சார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தசமம் கேட்கவில்லை. திரும்பப் போட்டதில் 7.1 வந்தது.

அவர் கதவைச் சாத்திவிட்டுப் பழைய படிவங்களை எடுத்து வந்தார். நூற்றறுபத்தெட்டு படிவம். எல்லாவற்றிலும் ஐந்தாவது வரியில், முதல் கட்டத்தில், ஒரே சாய்வில் ஒரே டிக். கெட்ட மனுஷர் இல்லை அவர். பயந்த மனுஷர். படிவங்களை அடுக்கி வைத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "இதைப் பாரும்மா. எடுத்த நிலையிலேயேன்னு நீதான் எழுதியிருக்க. இது வெளிய போனா முதல்ல உன் கழுத்துக்குத்தான் வரும். இன்னும் நிரந்தரமும் ஆகலை. ஒண்ணு பண்ணலாம். இந்த மாசம் தொட்டி எண்ணையே எழுதுவோம். அடுத்த மாசத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா கூடைச் சிப்பியை எடுத்தா, எண்ணு படிப்படியா ஏறும். யாரும் தப்புன்னு சொல்ல முடியாது."

"படிப்படியான்னா எத்தனை மாசம் சார்?"

"ஒரு ஆறு மாசம்."

அக்கா அந்த ஆறு மாதத்தை மனசுக்குள் குழந்தைகளாக மாற்றிப் பார்த்தாள். முகத்துவாரத்துப் பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறதே என்று அவர்களை அடித்த கைகள் எத்தனை? ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அவர் எதிரிலேயே எழுதினாள். பதினாலு வருஷமாக நான் அனுப்பிய சிப்பி மாதிரி, மக்கள் உண்ணும் சிப்பி அல்ல. இரண்டு நாள் சுத்த நீரில் வைக்கப்பட்டது. நான் விசாரிக்கவில்லை. படிவத்தில் நான் போட்ட குறி தவறு. இப்போதைய உண்மை அளவு இது. உடனே நிறுத்தவும். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். அவர் இரண்டு தடவை பேனாவைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவை திறந்து, கீழே 'மேல் நடவடிக்கைக்கு' என்று எழுதி முத்திரை குத்தினார். அதற்கு அவருக்கும் தைரியம் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அங்கிருந்து நேராகத் தம்பியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. முகத்துவாரத்துக்குப் போனாள். சொந்தத் தம்பியிடம் சொல்வதைவிட வெளியாள் ஒருத்தியிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தாள்போல. அதுவும் சுலபமாக இல்லை. பெரியகூடை முதலில் சிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள்.

"உங்களுக்குன்னு நல்லதாப் பார்த்துப் பார்த்து வச்சேனே. அது தப்பா?"

"உங்க மேல தப்பில்ல. நான் கேட்டிருக்கணும். எப்படி இவ்ளோ சுத்தமா இருக்குன்னு பதினாலு வருஷத்துல ஒரு தடவை கேட்டிருக்கணும்."

"என் பேத்தி ரெண்டு பேரு இருக்காங்க" என்றாள் பெரியகூடை. அவ்வளவு பெரிய வாயிலிருந்து அன்று வந்தது அவ்வளவுதான். அக்கா டாக்டரம்மாவின் பெயரையும் ரத்தம் பார்க்கும் இடத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தாள். பெரியகூடை சீட்டை வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது சேற்றில் இருந்த பெண்களில் ஒருத்தி வழக்கம்போல் கை அசைத்தாள். இன்னும் இரண்டொரு நாளில் அங்கே தடைப் பலகை வரும், அவள் பிழைப்புப் போகும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தம்பி பின்பக்கக் குழாயடியில் மூன்றாவது தடவையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். கிடங்குக்குப் போகாத நாளிலும் அது நிற்கவில்லை. முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்து வெடித்திருந்தது. அக்கா பின்வாசலில் போய் நின்றாள்.

"தம்பி, போதும். சோப்பைக் கீழ வை."

"இதோ முடிஞ்சிடுச்சுக்கா."

"உன்னால இல்லடா. என்னால. சிப்பிதான். நான் குடுத்ததுதான்."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, சேறு, டிக், ஆறு புள்ளி எட்டு. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தம்பி பெண்டாட்டி கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து பின்னால் நின்றது அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை. சொல்லி முடித்ததும் தம்பி குழாயை மூடினான்.

"அஞ்சு மாசம்க்கா" என்றான். "அஞ்சு மாசமா எம் பொண்ணை நான் தொடல."

அக்காவுக்கு அழுகை முட்டியது. அழுதால் அவன் சமாதானம் சொல்ல வேண்டி வரும் என்று அடக்கிக்கொண்டாள். "என்னை அடிச்சிடுடா" என்றாள். அவன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். பெண்டாட்டியைக் கடந்தபோது அவள் அவன் வெடித்த முழங்கையைப் பிடித்து, மிச்ச ஈரத்தை முந்தானையால் ஒற்றினாள். அவன் உள்ளே போய், தரையில் உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்த குட்டியைக் குனிந்து தூக்கினான். குட்டி முதலில் விறைத்துப்போய் அம்மாவைப் பார்த்தாள். யாரும் கத்தவில்லை. பிறகு மெதுவாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். அவன் முதுகு குலுங்கியது.

ஈயம் ஒரே நாளில் இறங்காது. மருந்து, ரத்தப் பரிசோதனை, மறுபடி மருந்து என்று வருஷக்கணக்கில் போகும். மறந்த எழுத்துகளில் எத்தனை திரும்பி வரும் என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று மத்தியானம் சாப்பிட்டாக வேண்டும். சோறும் பருப்பும்தான். தம்பி கதவருகே போகாமல், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். அக்காவுக்கும் தட்டு வைத்தாள் தம்பி பெண்டாட்டி. அக்கா உட்கார்ந்தாள், எங்கே போவாள்?

தம்பி பெண்டாட்டி சோற்றைப் பிசைந்து உருட்டிக் குட்டியின் உதட்டருகே கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை. குட்டி தலையை நிமிர்த்தி, எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"அத்தை, டெஸ்ட் பண்ணியாச்சா?"

அக்கா வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த ஒரே வார்த்தையைச் சொல்லாமல் மூடிக்கொண்டு தன் தட்டைப் பார்த்தாள். குட்டி காத்திருந்தாள். உருண்டை பிடித்த கை அப்படியே நின்றது. பருப்பு ஆறிக்கொண்டிருந்தது.

பெண்டாட்டியின் கையிலிருந்து அந்த உருண்டையைத் தம்பி வாங்கினான். பாதியைத் தன் வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினான்.

"அப்பா டெஸ்ட் பண்ணிட்டேன்" என்றான். "சாப்பிடு."

குட்டி ஒரு தடவை அத்தையைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.